மதலேனாளுக்கு இரண்டு முறை கண் திறந்தேன்

போன மாதம் எங்கள் நியூ ஜெர்சித் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒரு தம்பி, குடும்பத்தோடு ரோம் போய்வந்த படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டினார். கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை. ஒரு மாதா கோயிலின் உட்கூரை வந்ததும், "இது பரோக் ஸ்டைல் அங்கிள். ஒரே ஓவர். ஒரு இஞ்ச் விடாம தங்கத்தையும் பொம்மையையும் அப்பி வெச்சிருக்கான், நம்ம கல்யாண ரிசப்ஷன் ஸ்டேஜ் மாதிரி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காபி குடிக்கும்போது அவரைத் தனியாகப் பிடித்து, "தம்பி, அந்த ஓவர் எதுக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள ஒன்பது வருஷம் சாரத்துல உக்காந்திருந்தவன் நான்," என்றேன். "அப்படியா அங்கிள்? அப்ப எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போட்டுடலாம்," என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் எழுதிவிட்டேன்.

என் பெயர் வேலாயுதம். புதுக்கோட்டை ஜில்லா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. இங்கிலீஷ் எழுத்துகளை நியூ ஜெர்சி ரயில் நிலையப் பலகைகளில்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் கை படித்தது. பதினோரு வயதில் சாந்து குழைக்கப் போனவன் இருபத்திரண்டில் சொந்தமாகச் சாரம் கட்டினேன். முப்பத்தேழு கோபுரங்களில் என் சுதை வேலை நிற்கிறது. கூட்டிச் சொல்லவில்லை, எண்ணித்தான் சொல்கிறேன். தொண்ணூற்றொன்றில் இங்கே ஒரு கோயிலுக்குக் கோபுர வேலை செய்ய எங்களில் ஒன்பது பேரைக் கூட்டிவந்தார்கள். வேலை முடிந்ததும் எட்டுப் பேர் ஊர் திரும்பினார்கள். நான் திரும்பாததற்குக் காரணம் ஒரு துவாரபாலகர்.

அந்தத் துவாரபாலகரின் இடது கையை நான் செய்துகொண்டிருந்த நாளில் ஒரு வெள்ளைக்காரர் வந்து கீழே நின்றார். பழைய சர்ச்சுகளைச் செப்பனிடும் கம்பெனியின் முதலாளி. கோயில் கட்டிய என்ஜினியருக்குத் தெரிந்தவர். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "மோல்ட் எங்கே?" என்று கேட்டார். அச்சு எங்கே என்று கேட்கிறார். நான் என் உள்ளங்கையைக் காட்டினேன். அடுத்த மாதம் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். விசா, வக்கீல் எல்லாம் அவர் பொறுப்பு.

தங்கியது வெஸ்ட் வின்ட்சரில், ரவி என்கிற ஈரோட்டுத் தம்பியின் வீட்டு பேஸ்மென்ட்டில். அவர் மனைவி சுதா சென்னைப் பெண். காலையில் வேலைக்குப் போகிற வழியில் சுதா என்னை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயிலில் நியூவார்க். அங்கேதான் அந்தக் கோயில். சர்ச் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எனக்குக் கடைசிவரை கோயில் என்றே வாயில் வந்தது. இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அந்தக் காலத்தில் கட்டியது. முறுக்கிப் பிழிந்த மாதிரி தூண்கள், சுவர் முழுக்க மேகம், மேகத்தில் பிள்ளைகள், கூரையில் பிய்ந்துகொண்டு பறக்கிற துணிகள். முதல் நாள் பார்த்தபோது நானும் அந்த ரோம் தம்பி நினைத்ததைத்தான் நினைத்தேன். அடக்கம் தெரியாதவன் கட்டியது என்று.

கற்றுக்கொண்ட கதை நீளம். சுருக்கிச் சொல்கிறேன். நம் சுண்ணாம்புச் சாந்து பொறுமைசாலி. வெற்றிலை போட்டுவிட்டு வந்தாலும் காத்திருக்கும். இவர்கள் பிளாஸ்டர் ஒரு காபி குடிப்பதற்குள் கல்லாகிவிடும். முதல் வாரம் நான்கு வாளிகளைக் கல்லாக்கினேன். இரண்டாவது வாரம் ஒன்றுகூட ஆகவில்லை. மூன்றாவது வாரம் அங்கே இருந்தவர்கள் என்னிடம் வந்து பதம் கேட்டார்கள்.

கூரை வேலைக்கு ஒரு முறை உண்டு. அதை எழுதிவைக்க வேண்டும். பழைய உட்கூரை, இடைவிட்டு அடித்த மெல்லிய மரப்பட்டிகள்மேல் பூசியது. பட்டிகளின் இடுக்கில் சாந்து பிதுங்கி மேலே போய் மடங்கிக்கொள்ளும். அந்த மடிப்புதான் மொத்தக் கூரையையும் பிடித்துக்கொண்டிருக்கும். நாளாக ஆக மடிப்புகள் ஒவ்வொன்றாக முறியும். கீழே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். பிடிப்பு இருக்கிற இடம் சுவர் மாதிரி பதில் சொல்லும். விட்ட இடம் பரங்கிக்காய் மாதிரி பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தைச் சுற்றிக் கரியால் கோடு. கோட்டுக்குள் ஒரு சாண் இடைவெளியில் சின்னத் துளை. துளையில் முதலில் தண்ணீர், பிறகு பசை, பிறகு அடியில் பலகை முட்டுக் கொடுத்து ஒரு முழு நாள் தொடக்கூடாது. ஒருவன் ஒரு நாளில் ஒரு கட்டில் அகலம் முடித்தால் பெரிது. நான் ஒன்றரைக் கட்டில் முடித்தேன்.

எனக்கு மேலதிகாரி கார்லா என்கிற அம்மாள். இத்தாலியில் நேப்பிள்ஸ் ஊர். அறுபது வயது இருக்கும், என் தோளுக்கு வருவாள். அவள் இங்கிலீஷும் உடைசல், என்னுடையதும் உடைசல். அதனால் எங்கள் இருவருக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை. அவள் பேச்சை நம் பேச்சில் எழுதுகிறேன்.

வேலையைச் சோதிக்க அவள் சாரத்தில் ஏறவே மாட்டாள். கடைசி பெஞ்சுக்குப் போவாள். கைப்பையைப் பக்கத்தில் வைப்பாள். அதிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து மடியில் மல்லாத்தி வைத்து, அதற்குள் தெரிகிற கூரையைப் பத்து நிமிடம் பார்ப்பாள். நிமிர்ந்தே பார்க்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன்.

"கழுத்து வலிச்சா சீக்கிரம் முடிக்கத் தோணும், அப்ப எல்லா வேலையும் நல்லாத் தெரியும் வேலா," என்றாள்.

பார்த்து முடித்ததும் ஒரு எண் மட்டும் சொல்வாள். "மூணு" என்றால் மூன்று நாள் வேலையைத் திருப்பிச் செய். "அஞ்சு" என்றால் ஐந்து நாள். சரியாக இருந்தால் "ஸீரோ". பாராட்டும் அதுதான், திட்டும் அதுதான். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் பலர் ஒரு ஸீரோகூட வாங்காமல் நின்றுபோனார்கள். நான் முதல் நான்கு வருடத்தில் பதினான்கு வாங்கினேன்.

தொண்ணூற்றாறில் என் கிரீன் கார்டு விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. மனைவி மீனாட்சியும் இரண்டு பெண்களும் ஊரில். ஐந்து வருடமாக நான் அவர்களைப் பார்க்கவில்லை. வெளியே போனால் உள்ளே வர முடியாத நிலைமை. வக்கீல் சொன்னார், எல்லாக் காகிதமும் தயார், ஒன்றே ஒன்று பாக்கி: இவனைப் போல வேலை தெரிந்தவன் இங்கே கிடைக்க மாட்டான் என்று, இவனை மேற்பார்த்த நிபுணர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். நிபுணர் என்றால் கார்லா. நான் கேட்டபோது அவள் சொன்னாள்:

"எழுதறேன். ஆனா பூசினதுக்கும் ஒட்டினதுக்கும் எழுத மாட்டேன். ஒரு உருவம் செஞ்சு காட்டு."

அந்த மாதமே உருவம் வந்தது. பலிபீடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு. அதன் இடது தோளில், மேகத்தின்மேல் மண்டியிட்ட மரிய மதலேனாள், இயேசுவின் காலடியில் அழுத புனிதை, ஏழடிச் சுதை. பனிக்காலத்தில் கூரையில் தண்ணீர் இறங்கி, கழுத்துக்குள் இருந்த இரும்புக் கம்பி துருப்பிடித்து, ஒருநாள் விடியற்காலையில் தலை மட்டும் விழுந்துவிட்டது. கீழே யாரும் இல்லை. தலை பொரி மாதிரி சிதறிக் கிடந்தது. ஒட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. பழைய படம் தேடினால் யாரோ ஒருவரின் கல்யாணப் போட்டோ கிடைத்தது. அதில் மணப்பெண்ணின் முக்காட்டுக்குப் பின்னால் மதலேனாளின் முகம் ஒரு வெள்ளைப் புள்ளி.

கார்லாவுக்கு அப்போது பிலடெல்பியாவில் மூன்று வாரம் வேறு வேலை. புறப்படும்போது சொன்னாள்: "முதல்ல களிமண்ணுல ஒரு தலை செய். நான் வந்து கடைசி பெஞ்சுல இருந்து பாக்கறேன். அதுக்கு அப்புறம்தான் பிளாஸ்டர்."

தலையாட்டினேன். ஆனால் செய்யவில்லை. பன்னிரண்டு அடித் துவாரபாலகருக்கே நான் மாதிரி செய்து பார்த்தவன் இல்லை. அவள் திரும்பி வரும்போது வேலை முடிந்து நிற்க வேண்டும், ஒரே ஸீரோவில் கடிதம் கைக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். துருப்பிடிக்காத கம்பியில் எலும்பு கட்டி, சாரத்தில் நின்று நேராகவே தலையை எழுப்பினேன். பதினெட்டு நாள். முடி, காது, மூக்கு, அழுத கன்னம், எல்லாம் வந்தது. கண் மட்டும் வைக்கவில்லை.

எங்கள் தொழிலில் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். அன்று குளித்து, வெறும் வயிற்றோடு, பக்கத்தில் ஆளில்லாமல் செய்ய வேண்டும். திறந்ததும் ஒரு கண்ணாடியை அதன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். முதல் பார்வை அதன்மேலேயே விழட்டும் என்று. வேற்று மதத்துச் சாமி ஆயிற்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண் என்றால் கண்தான்.

ஒரு சனிக்கிழமை முதல் ரயிலுக்குக் கிளம்பினேன். காரில் சுதா, "இன்னைக்குக் கூட வேலையாண்ணா? காபியாவது குடிச்சிட்டு வந்திருக்கலாம்ல," என்றது.

"வெறும் வயிறு தங்கச்சி. கண் திறக்கிறேன்."

"சர்ச்சிலயா?" என்று கேட்டு, பிறகு ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டு வந்தது.

கண் திறந்தேன். நம் முறைப்படி, கோயிலுக்குள் எங்கே நின்றாலும் நிற்கிறவனைப் பார்க்கும்படி நேர்ப் பார்வை. சுதா வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைக் காட்டினேன். இறங்கி வந்து நடுவில் நின்று பார்த்தேன். எனக்கே கை கூப்பத் தோன்றியது. பெருமைக்குச் சொல்லவில்லை, அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு முகம் என் கையில் வரவில்லை.

அந்தக் கோயிலைப் பெருக்க வருகிற லூர்தெஸ் என்கிற போர்ச்சுகல்காரக் கிழவிதான் முதலில் பார்த்தாள். சலவைக்கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவள். என்னை "மெஸ்த்ரே" என்றுதான் கூப்பிடுவாள். நம் மேஸ்திரிதான், அவர்கள் பாஷையிலிருந்துதான் நமக்கே வந்ததாம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு நின்றாள்.

"மெஸ்த்ரே, அவ என்னையே பாக்கறா."

"எல்லாரையும் பாப்பா."

"இல்ல. என்னைத்தான்."

அழுதாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவே வந்தது. மதலேனாளுக்குக் கீழே மெழுகுவத்தி வைக்க இடம் போதவில்லை. அந்தக் கோயில் ஃபாதர், பல வருடமாகப் பாதி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்தவர், என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

புதன்கிழமை கார்லா வந்தாள். கடைசி பெஞ்ச். கைப்பை. கண்ணாடி. பத்து நிமிடம். நான் ஸீரோவுக்குக் காத்திருந்தேன்.

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள். "எடுத்துடு."

அவள் வாயில் அழகு என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மேடம், ஜனங்க அழுவுறாங்க. மெழுகுவத்தி ஏத்துறாங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"இங்க வந்து உக்காரு," என்று பெஞ்சைத் தட்டினாள். "இந்தக் கோயில்ல எத்தனை உருவம் இருக்கு?"

"நாப்பத்தொண்ணு." அதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"அதுல எத்தனை பேர் உன்னைப் பாக்கறாங்க?"

எண்ணினேன். வளைவில் இருந்த தேவதூதர்கள் பக்கவாட்டில் பார்த்தார்கள். புனிதர்கள் மேலே பார்த்தார்கள். மேகத்துப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து மேலே கை காட்டின. நாலரை வருடம் அவர்கள் மூக்குக்கு மூக்கு வைத்து வேலை செய்திருக்கிறேன். ஒருவர்கூட மனிதரைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்ததே இல்லை. நாற்பத்தொன்றில் ஒன்று. அதுவும் என்னுடையது.

கார்லா அன்று பேசியதுதான் நான் படித்த ஒரே காலேஜ். "முன்னூறு நானூறு வருஷத்துக்கு முன்னால எங்க பக்கம் பாதி ஜனம் இந்தச் சபையை விட்டுப் போயிட்டாங்க வேலா. சாமிக்கு வெறும் சுவரும் ஒரு புஸ்தகமும் போதும்னாங்க. இருக்கறவங்களைப் பிடிச்சு நிறுத்தணும், போனவங்களைத் திருப்பிக் கூட்டி வரணும். அதுக்குக் கட்டினது இது. எழுத்துத் தெரியாதவன் உள்ள வந்தாலும் கதவைத் தாண்டினதும் அவன் கழுத்து தானா மேல போகணும். தூண் எதுக்கு முறுக்கிக்கிட்டுப் போகுது? நேரா இருந்தா கண்ணு பாதியில நின்னுடும். முறுக்கினா கூடவே ஏறும். தூண் மேகத்துகிட்டக் குடுக்கும், மேகம் மதலேனாகிட்டக் குடுக்கும், அவ கண்ணு மேல அனுப்பணும். எங்க அனுப்பணும், பாரு."

பார்த்தேன். வளைவின் உச்சிக்குப் பின்னால் தங்கக் கதிர்கள், நடுவில் ஒரு புறா, அவர்களுக்கு அதுதான் பரிசுத்த ஆவி. அதன்மேல் எப்போதும் வெளிச்சம் விழும். அந்த வெளிச்சம் வருகிற ஜன்னல் எந்த பெஞ்சிலிருந்தும் தெரியாது. வளைவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சாரத்தில் இருந்த எனக்கு அது வெறும் ஜன்னல். தூசு துடைத்திருக்கிறேன்.

ஆனால் மதலேனாளுக்கும் புறாவுக்கும் நடுவில், வழியில், ஒரு கேடயம் இருந்தது. தொப்பியும் குஞ்சமும் வைத்த சுதைக் கேடயம்.

"இது யாரு மேடம்?"

"அந்தக் காலத்து பிஷப்போட முத்திரை. இந்த இத்தாலிக்காரங்களை, இந்த ஊருக்கு முன்னால வந்தவங்க தங்களோட கோயில் பேஸ்மென்ட்லதான் கும்பிட விட்டாங்க. மேல வரக்கூடாது. அதனால இவங்க ரோம் மாதிரியே ஒண்ணு கட்டணும்னு நின்னாங்க. நாங்க பேஸ்மென்ட் ஆளுங்க இல்லைன்னு ஊருக்குக் காட்டணும். பிஷப் அனுமதி குடுத்தார். அவர் முத்திரை அந்த இடத்துல இருக்கணும்னு சொல்லிக் குடுத்தார். இந்த ஸ்டைல்ல ராஜாக்கள், போப்புகள் எல்லாரும் செஞ்சதுதான். ஜனங்க கழுத்து எந்த வழியா போகுமோ அந்த வழியில நின்னுக்குவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானே அப்போது பேஸ்மென்ட் ஆள்தான். "எங்க ஊர்ல கோயில் கட்டின ராஜா தூணுல நிப்பாரு. நம்ம உயரத்துக்கு, கை கூப்பிக்கிட்டு. இவரு டர்ன்பைக் ரோட்டுல டோல் பூத் மாதிரி குறுக்க நிக்கிறாரே," என்றேன். கார்லா சிரிக்க மாட்டாள், அன்று சிரித்தாள். பிறகு மறுபடியும் சொன்னாள்:

"எடுத்துடு. கண்ணு மட்டும் மாத்தினா பத்தாது. மேல பாக்கற கழுத்து நெஞ்சுலேருந்து ஆரம்பிக்கும். மொத்தத் தலையும். இருபத்தொண்ணு."

அவள் சொன்ன எண்களிலேயே பெரிய எண் அது.

ஃபாதர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி வந்து கார்லாவிடம், "கஸ்டமருக்குப் பிடிச்சிருக்கு. விட்டுடு," என்றார். கார்லா ஒன்றும் வாதாடவில்லை. "விட்டுடலாம். ஆனா இவனுக்கு இந்த வேலை தெரியும்னு நான் எப்படி எழுதறது? இவன் செஞ்சது வேற வேலை," என்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். முடிவு என் தலையில் வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் ரவியிடம் சொன்னேன். "ஏனுங்ணா, இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க? அந்தம்மா சொல்ற மாதிரி மாத்திக் குடுத்துட்டு லெட்டரை வாங்குங்க. அண்ணி அங்க எத்தனை வருசமா உக்காந்திருக்காங்க," என்றார்.

"திறந்த கண்ணுல உளி வைக்கறது இல்ல தம்பி."

"அது பிளாஸ்டர்தானுங்ணா?"

"திறக்கிற வரைக்கும்."

ரவி சுதாவைப் பார்த்தார். சுதா, "அவரு வெறும் வயித்தோட போனாரு ரவி. நான்தான் கொண்டு போய் விட்டேன்," என்றது.

அடுத்த ஞாயிறு, நான் கார்லாவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்தேன். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் மதலேனாளைப் பார்த்தார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு கழுத்துகூட அதற்கு மேல் போகவில்லை. அத்தனை தூணும் மேகமும் இழுத்துக்கொண்டு வந்த பார்வையை என் முகம் பிடித்து வைத்துக்கொண்டது. பிஷப்பை டோல் பூத் என்றேனே, நான் ரோட்டையே அடைத்துவிட்டேன். வேலை தெரிந்தவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எடுக்க வேண்டியதுதான். ஆனால் எப்படி எடுப்பது?

நம் கோயிலுக்குப் போய்க் குருக்களைக் கேட்டேன். நம்மில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம் செய்து, சாமியை ஒரு கலசத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கல்லில் கை வைப்போம். அதை இதற்குச் செய்ய முடியுமா என்றேன்.

குருக்கள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அது நம்ம பகவான் இல்லையே வேலாயுதம். நான் எந்த மந்திரத்தைச் சொல்றது? அந்த அம்மாவுக்கு சமஸ்கிருதம் தெரியுமோ என்னவோ." பிறகு, "கண்ணைத் திறந்தது யாரு?" என்றார்.

"நான்தான் சாமி."

"அப்ப நீரே போய்க் கேளும். வாயால கேளும்."

திங்கட்கிழமை சுதா வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை வாங்கிக்கொண்டு போனேன். குளித்து, வெறும் வயிறு. சாரத்தில் ஏறி, செம்புத் தண்ணீரை அவள் முன்னால் பிடித்து, தமிழில்தான் சொன்னேன்: "அம்மா, நான் தப்பான பக்கம் திருப்பி வெச்சிட்டேன். கொஞ்ச நாள் இந்தச் செம்புல இரு. சரியா செஞ்சிட்டுக் கூப்பிடறேன்." கொஞ்ச நேரம் நின்றேன். கீழே இறங்கி, செம்பைச் சுவரோரம் ஒரு பலகையில் வைத்தேன். லூர்தெஸ் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு மெழுகுவத்தியைக் கொண்டுவந்து செம்புக்கு முன்னால் வைத்தாள்.

ஃபாதர் வந்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"தண்ணி," என்றாள் கார்லா.

"மந்திரிச்ச தண்ணி நம்ம வாசல்லயே வெச்சிருக்கோமே," என்று சொல்லிவிட்டு, செம்பை எடுக்கச் சொல்லாமல் போனார்.

உளி வைத்தேன்.

இந்தத் தடவை களிமண் தலை செய்தேன். கார்லா கடைசி பெஞ்சிலிருந்து பார்த்து, தாடை இன்னும் மேலே, இடது தோள் இன்னும் கீழே என்று மூன்று தடவை மாற்றினாள். கழுத்துச் சதை இழுபடுகிறபோது தொண்டைக்குழி எங்கே போகும் என்று தன் கழுத்தையே தூக்கிக் காட்டினாள். என் வாழ்நாளில் செய்த அத்தனை முகமும் எதிரே நிற்கிறவனுக்காகச் செய்தது. எதிரே நிற்கிறவனை மறந்துவிட்ட ஒரு முகத்தை அந்த மூன்று வாரத்தில்தான் கற்றேன். கண்மணி மேலே ஏறி, பாதி இமைக்குள் போக வேண்டும். கொஞ்சம் அதிகமானால் மயங்கி விழுந்தவள் மாதிரி ஆகிவிடும்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை, மறுபடியும் வெறும் வயிறு. கண்ணுக்கான பிளாஸ்டரைச் செம்பில் இருந்த தண்ணீரிலேயே குழைத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கண்ணாடி காட்டவில்லை. அவள் பார்க்க வேண்டியது அங்கே மேலே இருந்தது.

திங்கட்கிழமை லூர்தெஸ் வந்து நின்றாள். அவள் முகம் வாடியதை நான் மறைக்க விரும்பவில்லை.

"இப்ப அவளுக்கு என்னைத் தெரியல மெஸ்த்ரே."

அவள் அங்கேயே நின்றாள். பிறகு, மதலேனாள் எங்கே பார்க்கிறாள் என்று தேடுகிறவள் மாதிரி, அவள் கழுத்து மெதுவாக மேலே போனது. கதிர் வரைக்கும் போய், கொஞ்சம் கீழே வந்தது.

"நடுவுல நிக்கற அந்த ஆள் யாரு?"

"பிஷப்."

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போனாள்.

கார்லா மத்தியானம் வந்தாள். கடைசி பெஞ்ச். கைப்பையைப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியை வெளியே எடுக்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எண்ணும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "வக்கீல் அட்ரஸ் குடு," என்றாள்.

கடிதத்தின் நகலை ரவிதான் படித்துச் சொன்னார். நாலே வரி. எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, கடைசி வரி மட்டும் நினைவிருக்கிறது. 'இவர் முதலில் செய்த தலையும் நன்றாக இருந்தது. அதை இவரே எடுத்தார்.'

"இதை எதுக்குங்ணா எழுதினாங்க? தப்புப் பண்ணினதைச் சொல்ற மாதிரி இருக்குதே. ரிஸ்க்குங்க," என்றார் ரவி.

"இருக்கட்டும் தம்பி. மத்த மூணு வரியும் யாருக்கு வேணும்னாலும் எழுதலாம்."

இரண்டு வருடம் கழித்து மீனாட்சியும் பெண்களும் வந்து இறங்கினார்கள். ஏழு வருடம். சின்னவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதை வேறு. வந்த முதல் ஞாயிறு மீனாட்சியை மட்டும் நியூவார்க்குக்குக் கூட்டிப் போனேன். நான் செய்தது எது என்று சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று சும்மா பின்னால் நின்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவைத் தாண்டினாள். நாலு அடி நடந்தாள். நின்றாள். தலை பின்னால் சாய்ந்தது.

"இங்கேருங்க," என்றாள். "அந்த வெளிச்சம் எங்கேருந்து வருது? சன்னலையே காணோமே."

"இடது பக்கம் ஒரு பொம்பளை மண்டி போட்டிருக்காளே, பாத்தியா?"

"எந்தப் பொம்பளை?" என்றாள், தலையை இறக்காமலே.